படகுக்காரி தாசியாவைச் சாகவிடாத ஜனங்கள்

“இன்னைக்குத் தாசியா செத்தாகணும்” என்றாள் போலெட்.

எப்போயின் வாயில் பாதி வாழைப்பழப் பொரியல் இருந்தது. அவர் சிரித்த சிரிப்பில் அது மேசைக்கு மேல் தொங்கிய காமிரா வரைக்கும் பறந்துபோய் ஒட்டிக்கொண்டது.

“போன மாசமும் இதையேதான் சொன்னே. ஜனங்க விடுவாங்களா? நீ தூக்குல தொங்கினா கயிறு அறுந்துபோக காசு கட்டுவாங்க. விஷம் குடிச்சா அது பாயசமா மாற காசு கட்டுவாங்க. பேசாம உக்காந்து பொழப்பப் பாரு.”

“எனக்கு இந்தப் பொழப்பு வேணாம்.”

“அப்ப எழுந்து போ. கதவு தெறந்துதான் இருக்கு. தாசியாவ மட்டும் இங்க வெச்சுட்டுப் போ.”

அங்கேதான் அவளுக்குக் கழுத்தில் கத்தி. தாசியா என்பவள் ரத்தமும் சதையுமான மனுஷி அல்ல. மணிலாவில், குபாவ் சந்தைக்கு எதிரே, பழைய துணிக்கடையின் மாடியில், ஞாயிறு பிற்பகல்தோறும் எப்போய் நடத்திய கதையாட்டத்தில் போலெட் பேசி நடித்த பாத்திரம். ஒரு மேசை, சுற்றிலும் ஆட்டக்காரர்கள். எப்போய் கதையைச் சொல்லிக்கொண்டு போவார். தங்கள் பாத்திரம் அடுத்து என்ன செய்கிறது என்று அவரவர் சொல்வார்கள். அது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். இதை நேரலையில் மணிலாவிலிருந்து மிலான் வரைக்கும், கப்பல் வேலைக்கும் ஆஸ்பத்திரி வேலைக்கும் கடல் தாண்டிப் போன சனமெல்லாம் பார்த்தது. நிலாவில் எவனாவது சமையல் வேலைக்குப் போயிருந்தால் அங்கிருந்தும் பார்த்திருப்பான்.

வெறுமனே பார்த்திருந்தால் தொல்லையே இல்லை. காசு கட்டினால் கதைக்குள் கையை விட்டுக் கலக்கலாம் என்று எப்போய் ஏற்பாடு செய்திருந்தார். அதற்கு வரம் என்று பேர். மூலையில் அவர் மனைவி ஜிங்கி கணினியும் சேகண்டியுமாக உட்கார்ந்திருப்பாள். எங்கோ ஒருவர் கைபேசியில் அழுத்தியதும் இங்கே சேகண்டியில் ஓர் அடி விழும். விழுந்தால் அரசனும் வாயை மூட வேண்டும், அரக்கனும் வாயை மூட வேண்டும். வாங்கிய வரம் நிறைவேறிய பிறகுதான் கதை அடுத்த அடி வைக்கும்.

இன்னொரு ஆட்டக்காரர் டாக்டர் அமாதோ நடித்த மந்திரவாதிக்கு மிலானிலிருந்து ஒரு புண்ணியவான் மூன்று வாரத் தூக்கம் வாங்கிக் கொடுத்திருந்தான். பாவம், ஊரே மதிக்கும் பல் வைத்தியர், மூன்று ஞாயிறாக மேசையில் கவிழ்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். குறட்டைக்குத் தனி வரம். அதையும் யாரோ வாங்கியிருந்தார்கள்.

தாசியாவின் கதி அதைவிடக் கேவலம். போலெட் அவளைப் படைத்தபோது அவள் ஊமைக்கு அடுத்தபடி பேச்சுக் குறைந்தவள். ஆற்றில் படகு தள்ளி வயிற்றைக் கழுவுகிறவள். ராஜாவே வந்து கும்பிட்டாலும் “ஏறு” என்று ஒரு சொல், கரை சேர்ந்ததும் “இறங்கு” என்று ஒரு சொல். அப்பேர்ப்பட்டவளின் தலையில் இப்போது உயிருள்ள வாத்து ஒன்று குடியிருந்தது. வாங்கியது ரியாத்தில் இருக்கும் மூன்று மின்பணியாளர்கள், பங்கு போட்டு. முதலையைக் கண்டால் அவள் இடுப்பை ஆட்ட வேண்டும். வாள்வீச்சு நடுவே துபாய் பேபி என்ற பேரில் பார்ப்பவளுக்குப் பிறந்தநாள் வாழ்த்துப் பாட வேண்டும். துபாய் பேபிக்கு மாதம் இரண்டு முறை பிறந்தநாள் வந்தது.

எழுந்து போய்விடலாம்தான். ஆனால் எப்போய் வீட்டுச் சட்டம் ஒன்று இருந்தது. பாத்திரம் செத்தால் அது ஆட்டக்காரருக்குச் சொந்தம். மேசையில் நிற்கும் அதன் களிமண் பொம்மையை வீட்டுக்கு எடுத்துப் போகலாம், வேறெவரும் அந்தப் பேரைத் தொட முடியாது. உயிரோடு விட்டுப் போனால் அது எப்போய்க்குச் சொந்தம். அவர் அந்த நாற்காலியை ஏலம் விடுவார். ஜெட்டா ராணி என்ற பேரில் வரும் நர்ஸ் ஒருத்தி, தாசியா என்றால் உயிரை விடுகிறவள், எப்போது காலியாகும் என்று வாராவாரம் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

இன்னொன்றும் இருந்தது. போலெட் முன்பு வானொலி நாடகக்காரி. இருபது வருஷம் ஒலிவாங்கிக்கு முன்னால் காசநோயிலும் கடல் புயலிலும் காதலிலும் செத்தவள். அவள் குரலுக்கு லூசோன் தீவே துணி துவைப்பதை நிறுத்திவிட்டு அழும் என்பார்கள். ஆனால் ஒரு தடவைகூட அவளை முழுசாகச் சாக விட்டதில்லை. “என் அன்பே, நான் உன்னிடம் சொல்லாமல்...” என்று இழுக்கும்போதே சோப்பு விளம்பரம் பாய்ந்து வந்து விழும். விளம்பரம் முடிந்தால் நேரம் முடிந்திருக்கும். அவள் சொல்லாமல் விட்டதெல்லாம் தொண்டையில் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. வாழ்நாள் முழுக்க வாயே திறக்காத தாசியா சாகும்போது மட்டும், யாரும் குறுக்கிடாமல், முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரைக்கும் பேசிவிட்டுச் சாக வேண்டும். நாலு மாதமாக அந்தப் பேச்சைப் பாத்திரம் துலக்கும்போதும் பல் துலக்கும்போதும் சொல்லிச் சொல்லி மெருகேற்றி வைத்திருந்தாள்.

“அக்கா, சாகறதா இருந்தா தள்ளிப் போய்ச் சாவுங்க” என்றான் வெண்டல், நூடுல்ஸ் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். மேசையில் அவளுக்கு இடப்பக்கம் இருப்பவன்.

அவன் கோபத்துக்குக் காரணம் மறுமூச்சு. வரங்களிலேயே ராஜ வரம். சாகப்போகிற பாத்திரத்துக்கு மறுமூச்சு வாங்கினால் அது பிழைத்துவிடும். ஆனால் வந்த சாவு வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்பது எப்போய் வகுத்த விதி. கதையில் பக்கத்தில் யார் நிற்கிறார்களோ அவரைத் தூக்கிக்கொண்டு போய்விடும். தாசியாவுக்கு மறுமூச்சு மழையாகப் பொழிந்தது. பக்கத்தில் எப்போதும் வெண்டலின் ஆள். அவன் இழந்த வீரர்களை வரிசையாகப் படுக்க வைத்தால் எட்சா சாலையில் போக்குவரத்து நின்றுவிடும்.

“புதுசா ஒரு துறவிய உருவாக்கியிருக்கேன்” என்றான். “அவரு தாத்தாவுக்குத் தாத்தா வரைக்கும் யோசிச்சு வெச்சிருக்கேன். அவரு மேல ஒரு கீறல் விழுந்துச்சு, உங்க வாத்த வறுத்துத் தின்னுடுவேன்.”

“உன் துறவிய என்கூட நிக்கச் சொல்லாதே.”

“நான் எங்க சொல்றேன்? என்னை உங்க பக்கத்துல உக்கார வெக்க காசு கட்டியிருக்கான் எவனோ!”

சேகண்டி முழங்கியது. ஆட்டம் தொடங்கியது.

எப்போய், கடற்கொள்ளையர் கப்பல்கள் ஆற்றுமுகத்தில் நுழைந்ததையும், கோட்டை அகழியில் முதலைகள் புரள்வதையும் இரண்டு வாக்கியம்தான் சொல்லியிருப்பார்.

“தாசியா அகழியில குதிக்கிறா” என்றாள் போலெட்.

“எதுக்கு?”

“குளிக்க.”

பகடையை உருட்டினாள். ஒன்று. அதைவிடக் கேவலமான எண் பகடையில் கிடையாது. போலெட்டின் முகம் கல்யாணப் பெண் போல் மலர்ந்தது. முதல் முதலை வாயைத் திறந்தது. அவளும் பேச்சைத் தொடங்க வாயைத் திறந்தாள்.

டங்!

“ஜெட்டா ராணி! தாசியாவுக்கு மறுமூச்சு!” என்று ஜிங்கி கூவினாள். “முதலையப் பாத்தாச்சு, இடுப்ப ஆட்டுங்கக்கா!”

போலெட் இடுப்பை ஆட்டினாள். அகழிக்கரையில் நின்ற துறவியை முதலை செருப்போடு விழுங்கியது.

“அவரு பேரக்கூட நான் இன்னும் சொல்லலியே!” என்று அலறினான் வெண்டல்.

“சொல்லியிருந்தா கல்லறையில எழுதியிருக்கலாம்” என்றார் எப்போய்.

அடுத்து, தாசியாவை ஜனங்களே வெறுக்கும்படி செய்துவிடலாம் என்று போலெட் கணக்குப் போட்டாள். நேராகக் காமிராவைப் பார்த்தாள். “ஏய், காசு கொழுத்த கழுதைகளா! ஊர்ல பெத்தவளுக்கு ஒரு போன் போடத் துப்பில்ல, என் தலைக்கு வாத்து வாங்கித் தர்றீங்களோ?” என்று ஆரம்பித்து, அவர்களுடைய மூக்கு, முழி, முதலாளி, முதுகுவலி ஒன்றையும் விடாமல், மூச்சு வாங்காமல் திட்டினாள். சுவரில் இருந்த பல்லி கூட அவமானம் தாங்காமல் இடம் மாறியது.

சேகண்டி நிற்கவே இல்லை. ஜனங்கள் சொக்கிப்போனார்கள். பேர் சொல்லித் திட்டு வாங்க ஒரு வரம் வேண்டும் என்று கேட்டார்கள்; ஜிங்கி அங்கேயே, சுவரில் தொங்கிய வரப்பலகையில் அதை எழுதிச் சேர்த்தாள். ஒரு கப்பல் சமையற்காரன் தன் மாமியாருக்குப் பரிசாக ஒரு திட்டு வாங்கினான். தொண்டை வறண்டு போகும்வரை போலெட் முகம் தெரியாதவர்களை வரிசையாகத் திட்டித் தீர்த்தாள். நிஜமாகவே கோபப்பட்ட சிலர் தாசியாவுக்குச் சொறியும் சிரங்கும் வாங்கினார்கள். ஒருவர்கூடச் சாவை வாங்கவில்லை. சொறிந்துகொண்டு நிற்பவளைப் பார்ப்பதுதான் அவர்களுக்கு ருசி.

“போதும், கதைக்கு வாங்க” என்றார் எப்போய். “கொள்ளைக்காரங்க ஊருக்குள்ள வந்தாச்சு. ஜனங்க ஆத்தத் தாண்டி ஓட தாசியா படகுக்கு வர்றாங்க. வெண்டல், நீயும் புது ஆளா ஒருத்தன எடுத்துக்கிட்டு ஏறிக்கோ.”

“மாட்டேன்” என்றான் வெண்டல், கையைக் கட்டிக்கொண்டு. “இந்தக்கா பக்கத்துல இனிமே ஒரு ஈயக்கூட உக்கார வெக்க மாட்டேன். யாரு சாவறதுன்னு அந்தப் படகுல இருக்கறவங்களே பாத்துக்கட்டும்.”

சொறிந்துகொண்டிருந்த போலெட்டின் கை நின்றது.

“எப்போய்,” என்றாள், தேன் ஒழுக. “படகுல யாரெல்லாம் இருக்காங்க?”

எப்போய்க்குப் பிடித்த இடம் அது. கதையில் வரும் உதிரி மனிதர்களுக்குத் தங்கள் பேரைச் சூட்டவும் ஒரு வரம் உண்டு. பேர் சூட்டியவர்கள் தங்கள் ஆளுக்கு வீடு, மாடு, மீசை என்று ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்திருந்தார்கள். பேரைப் படித்தாலே பார்ப்பவர்களுக்குப் புல்லரிக்கும். மார்பை நிமிர்த்திக்கொண்டு படித்தார்: “கோழிக்காரி துபாய் பேபி, தன் கோழிக் கூடைகளோட. கொல்லன் மிலான் ரோமெல், வெள்ளிச் சுத்தியலோட. தாடிக்கார ரியாத் சகோதரருங்க. நம்ம ரொட்டிக்காரி ஜெட்டா ராணி, நீலக் குடையோட, ரெட்டைக் குழந்தைங்களோட...” படகில் ஏறியது பாதி உலகம்.

“எல்லாரும் வரட்டும்” என்றாள் போலெட். “ஏறு.”

படகை நடு ஆற்றுக்குத் தள்ளினாள். கொள்ளையர் கப்பலிலிருந்து அம்பு எய்யும் தொலைவில் நிறுத்தினாள். எழுந்து நின்றாள். “தாசியா கோழிக்காரி பேபிக்குப் பக்கத்துல நிக்கிறா. கையத் தூக்கி அம்புக்கு நெஞ்சக் காட்டறா.”

பகடை. சாவு.

டங்! “மிலான் ரோமெல்! தாசியாவுக்கு மறுமூச்சு!”

எப்போய் திரும்பிச் சுவரைப் பார்த்தார். விதி அவர் வகுத்தது. அவர் கையெழுத்திலேயே பலகையில் தொங்கியது.

“அம்பு... திரும்பி... பேபி மேல பாயுது” என்றார். “பேபி செத்துட்டா. கோழிங்க ஆத்துல விழுந்துடுச்சு.”

உடனே ஜிங்கியின் திரை கொதித்தது. அவள் படித்தாள்: “துபாய் பேபி எழுதறாங்க. ‘யாருடா அந்த ரோமெல்? ஒவ்வொரு கோழியும் நான் ஓவர்டைம் பாத்து வாங்கினதுடா, கொலைகாரா!’”

“ஐயோ பாவம்” என்றாள் போலெட். “தாசியாவுக்கு மனசே சரியில்ல. நகர்ந்து போயி கொல்லன் ரோமெல் பக்கத்துல நிக்கிறா.”

அம்பு வந்தது. போலெட் பகடையை எறிந்தாள். அந்த மறுமூச்சை வாங்கியது துபாய் பேபி. தாசியாவின் மேல் உள்ள பாசத்தால் அல்ல.

அதற்குப் பிறகு நடந்ததை எந்தப் போர்க்களத்தோடும் ஒப்பிட முடியாது. ரோமெல் வெள்ளிச் சுத்தியலோடு மூழ்கினான். ரோமெலின் தம்பி பழிக்குப் பழியாக ரியாத் தாடிக்காரர்களை முடித்தான். தாடிக்காரர்களின் மச்சான் சிங்கப்பூரிலிருந்து ரோமெலின் தம்பியை முடித்தான். ஒரே வீட்டு மாடியிலும் கீழ்த்தளத்திலும் இருந்த ஓரகத்திகள் ஒருத்தி ஆளை ஒருத்தி கொன்றுவிட்டு, மாடிப்படியில் சந்தித்து மயிரைப் பிடித்துக்கொண்டார்களாம். தாசியா மட்டும் வாத்தும் தலையுமாக, “கொஞ்சம் நகருங்க, கொஞ்சம் நகருங்க” என்று படகில் ஒவ்வொருவர் பக்கமாக நடந்துகொண்டே இருந்தாள். வெண்டல் அந்த மேசையில் முதல் தடவையாகச் சிரித்தான். நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழுந்தான், விழுந்த இடத்திலிருந்தும் சிரித்தான். ஜிங்கியின் சேகண்டிக் கட்டை முறிந்தது. சமையல் கரண்டியால் அடித்தாள். எப்போய்க்கு அழுவதா ஆடுவதா என்று தெரியவில்லை. கல்லாப்பெட்டி நிரம்பியது, கதை காலியானது.

கடைசியில் படகில் இரண்டே பேர். தாசியா. பிள்ளைகளைக் குடைக்குள் அணைத்துக்கொண்ட ரொட்டிக்காரி ராணி. தங்கள் ஆளைப் பறிகொடுத்தவர்கள் எல்லாரும் திரைக்கு அப்பால் வெறுப்போடு பார்த்திருந்தார்கள். ராணியின் ரொட்டியைக் கதையில் தின்னாதவர் இல்லை. அவளைக் கொல்ல யாருக்கும் கை வரவில்லை. தாசியாவைக் காப்பாற்றவும் இனி ஒருவருக்கும் மனசில்லை.

“ராணி எழுதறாங்க” என்றாள் ஜிங்கி. அவள் குரலே சின்னதாகிவிட்டது. “‘போலெட் அக்கா, என் பக்கத்துல வராதீங்க.’”

“படகுல வேற எடம் இல்ல ராணி.”

“‘தாசியா இல்லாட்டி எனக்கு ஞாயித்துக்கிழமையே கெடையாது. உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சேதான் பண்றீங்க. நீங்க ரொம்பக் கெட்டவங்க.’”

“ஆமா” என்றாள் போலெட். “என்னை விடு.”

பகடையை எடுத்தாள். உருட்டினாள். ஒன்று.

அம்பு புறப்பட்டது. ஜிங்கியின் கரண்டி அந்தரத்தில் நின்றது. சேகண்டி அடிக்கவில்லை, அடிக்கவே இல்லை. அம்பு தாசியாவின் நெஞ்சில் இறங்கிவிட்டது என்று எப்போய் முணுமுணுத்தார். போலெட் எழுந்து நின்றாள். இருபது வருஷத்துச் சோப்பு விளம்பரங்களையெல்லாம் ஒரே மூச்சில் ஊதித் தள்ளுகிறவள் போல் காற்றை இழுத்தாள். “ஆறே...” என்று ஆற்றைக் கூப்பிட்டாள். அந்த ஒரு சொல்லுக்கே டாக்டர் அமாதோவின் குறட்டை நடுங்கியது.

டங்!

“ஜெட்டா ராணி” என்றாள் ஜிங்கி. திரையை மறுபடி பார்த்தாள். வரப்பலகையின் அடிக்குப் போய்க் குனிந்து தூசியைத் துடைத்துப் படித்தாள். “மறுமூச்சு இல்ல. இது... மௌனம்.”

எப்போய் எப்போதோ விளையாட்டாக எழுதிவைத்த வரம் அது. ஒரு மணற்கடிகை வடியும் வரை மேசையில் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. சத்தத்துக்குக் காசு கட்டுகிற கூட்டத்தில் அதை இதுவரை எவரும் சீண்டியதில்லை.

“கூடவே எழுதியிருக்காங்க” என்றாள் ஜிங்கி. “‘சாகணும்னுதானே ஆசை? சாவுங்க. வாயத் தெறக்காம சாவுங்க.’”

கடிகையைக் கவிழ்த்தாள்.

போலெட் திறந்த வாயோடு நின்றாள். முகம் செங்கல் நிறமானது. கண்கள் காமிராவுக்குள் புகுந்து கடலைத் தாண்டி ஜெட்டாவில் ஒருத்தியின் கழுத்தைப் பிடித்தன. குறட்டை மட்டும் விடாமல் கேட்டது. அதுவும் காசு கட்டிய வரம்தானே. வெண்டல் எழுந்து போய் டாக்டரின் மூக்கை அழுத்திப் பிடித்தான்.

மணல் ஓடிக்கொண்டிருந்தது. குரலை மட்டுமே வைத்துப் பிழைத்தவள் போலெட். முகத்தால் என்ன செய்வதென்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. மெதுவாக வாயை மூடினாள். தலையில் இல்லாத வாத்தை இரண்டு கையாலும் தூக்கினாள். குனிந்து, இல்லாத ரொட்டிக்காரியின் மடியில் அதை வைத்தாள். பிறகு உதட்டைக் குவித்து அக்கரைப் பக்கம் சுட்டினாள், சந்தையில் வழி கேட்பவனுக்குக் கருவாட்டுக் கடையைக் காட்டுவது மாதிரி, சலிப்போடு. இறங்கு. அதற்கு எந்த நாட்டிலிருந்த எவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. துடுப்பை ஒரு தள்ளு தள்ளினாள். மேசையில் தலையைச் சாய்த்தாள்.

கடைசி மணல் விழுந்தது.

“தாசியா செத்துட்டா” என்றார் எப்போய், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

திரை வெடித்தது. அப்படி ஒரு நடிப்பை உலகம் கண்டதில்லை என்றார்கள். துபாய் பேபி கோழிகளைப் பறிகொடுத்ததை மன்னித்தாள். டாக்டர் அமாதோ முழித்துக்கொண்டு என்ன நடந்தது என்று கேட்டார். போலெட் தலையைத் தூக்கினாள்.

“நாலு மாசம்!” என்று கத்தினாள். “நாலு மாசம் மனப்பாடம் பண்ணேன்! பாழாப்போன ஜெட்டாக்காரி!”

“போலெட், போலெட்,” என்று எப்போய் சாக்குக்கட்டியோடு ஓடிவந்தார். “உயிர்த்தெழுதல்னு ஒரு வரம் போடலாமா? வேணாமா? சரி, கல்லறையில பூ வைக்கிற வரமாச்சும்...”

“உன் தலையில வை.” மேசையிலிருந்து தாசியாவின் களிமண் பொம்மையைப் பிடுங்கிப் பைக்குள் போட்டாள். வீட்டுச் சட்டம் அவள் பக்கம். எப்போயால் பெருமூச்சுதான் விட முடிந்தது.

“செத்ததுக்கு நன்றிக்கா” என்றான் வெண்டல்.

“போடா.”

கீழே சந்தை வாசலில், ஊர்ப் பயணிகளை ஏற்றும் ஜீப்னி வண்டி ஒன்று புறப்படத் தயாராக நின்றது. ஓட்டுநருக்கு நேர் பின்னால், மற்றவர்கள் கூலியை வாங்கி அவரிடம் நீட்ட வேண்டிய ஓர் இடம் காலி. போலெட் முட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். பொம்மையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி அதிர்ந்து நகர்ந்தது. தொண்டையில் மூட்டைகள் உருண்டன.

“ஆறே,” என்றாள் மெதுவாக. எதிரே இருந்த பெண் கோழிப் பையை இறுக்கிக்கொண்டாள். “ஆறே, இவ்வளவு காலம் உன் முதுகில் ஏறி உன்னோடு ஒரு வார்த்தை பேசாதவள் நான்...” குரல் எழுந்தது. இன்ஜின் சத்தம் அதற்கு முன்னால் கொசுவாகிப் போனது. ஜன்னலோரத்துக் கிழவர் ஒருவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். எங்கோ கேட்ட குரல் என்று அவர் முகம் தேடியது.

யாரோ அவள் தோளைத் தட்டி, விரித்திருந்த உள்ளங்கையில் சில்லறையை வைத்தார்கள். “காசு. டிரைவர்கிட்ட குடுத்துடுங்க.”

போலெட் காசைப் பார்த்தாள். கையை இறுக்கி மூடிக்கொண்டாள்.

“முடிச்சுட்டுத் தர்றேன்” என்றாள்.

“ஏய், பின்னால காசு எங்கம்மா?” என்று ஓட்டுநர் கத்தினார். இன்னொரு கை காசோடு நீண்டது, இன்னொன்று, இன்னொன்று. எல்லாவற்றையும் வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள், ஒரு காசைக்கூட முன்னால் விடவில்லை. குவிந்த சில்லறைக்கு நடுவே தாசியா இடுப்பு வரை புதைந்து நிற்க, போலெட் கண்ணை மூடிக்கொண்டு, இரண்டாவது வாக்கியத்தைத் தொடங்கினாள்.